காலியான வளை

ஏரிக்கரை உடைந்த அன்று, பள்ளத்தில் குடியிருந்த பிராணிகள் எல்லாம் மேட்டுக்கு ஓடி வந்தன. தண்ணீர் வடிந்த பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தால், அவற்றின் வளைகள் எல்லாம் சேறு அடைத்துக் கிடந்தன. இனி அங்கே இருக்க முடியாது.

எல்லாருக்கும் போதாவிட்டாலும் மேட்டில் வளைகள் இருந்தன. முள்ளம்பன்றிகள் தோண்டி, கொஞ்ச காலம் இருந்து, பிறகு மலைப்பக்கம் போய்விட்டன. அந்த வளைகள் சும்மாதான் கிடந்தன. ஆனால் யாருக்கு எது என்பதில் முதல் நாளே அடிதடி வந்துவிட்டது. ஒரே வளைக்குள் நாலு குடும்பம் நுழைந்து, நாலும் கடிபட்டு வெளியே வந்தன.

அந்தக் கூட்டத்தில் முள்ளெலி மூக்காயியும் இருந்தாள். பேருக்கேற்ற மூக்கு அவளுக்கு. எதையும் மோந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். யாராவது வணக்கம் சொன்னால்கூட, இவர்கள் எதற்குச் சொல்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வாள். அவள் புருஷன் வெள்ளத்தோடு போய்விட்டான். கண் திறக்காத மூன்று குட்டிகள் மட்டும் மிச்சம். அவற்றின் முதுகு முள் இன்னும் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. காய்ந்த பனையோலைக் குவியலுக்கு அடியில் அவற்றை வைத்திருந்தாள். அடைமழை பிடிப்பதற்குள் ஒரு காய்ந்த வளை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் குட்டிகள் நனைந்து விறைத்துப் போகும்.

அதே ஓலைக் குவியலில் வெள்ளெலி செவந்தியும் தன் குஞ்சுகளோடு ஒண்டியிருந்தாள். புல்லரிசி ஒன்று கீழே விழுந்தாலும் எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் கெட்டிக்காரி. மூக்காயியை அவள் கேலி செய்யாத நாள் கிடையாது.

"நீ மோந்து முடிக்கறதுக்குள்ள மேட்டுல ஒரு வளை மிஞ்சாதுடி" என்பாள்.

கடைசியில் எல்லாரும் கூடிப் பேசி, வளைகளை முறையாகப் பிரித்துக் கொடுக்க ஒரு வாரியம் வைப்பது என்று முடிவு செய்தார்கள். மேட்டு வளை வாரியம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அதில் யார் உட்காருவது?

இந்தக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யாரைப் பார்த்தாலும், பெயர் கேட்பதற்கு முன்னால், "நீங்க எந்த மரம்?" என்று கேட்பார்கள். ஆலமரம் என்றால் ஒரு மரியாதை, வேம்பு என்றால் ஒரு மரியாதை. கருவேலம் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போதும் அதே கேள்விதான் கேட்டார்கள். பாறை மேல் ஏறி நின்று அவரவர் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். கூட்டம் கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டும்.

முதலில் உடும்பார் ஏறினார். நிதானமாக நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டு பேசினார்.

"நமக்குப் பூர்வீகம் பெரிய ஆலமரம். தாத்தா காலத்துலேருந்து அந்த வேர்லதான் இருக்கோம். நான் போகாத வளை இந்தக் காட்டுல கிடையாது. எது எவ்வளவு ஆழம், எங்க குறுகும், குட்டிகளை எந்த மூலையில படுக்க வைப்பாங்க, எல்லாம் எனக்கு அத்துப்படி."

கூட்டம் வாய் பிளந்தது. இப்படி ஒரு அனுபவசாலியை விட்டுவிட்டு வேறு யாரைப் போடுவது என்றது ஒரு முயல்.

அடுத்து குயில். பூர்வீகம் வேப்பமரம் என்றான். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் காக்கையார் வீட்டில். பெரிய கூடு. "ஒரே பிள்ளை மாதிரி செல்லமா வளர்த்தாங்க" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அந்தக் கூட்டில் வேறு பிள்ளைகள் இருந்தார்களா, இருந்தால் அவர்கள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல குரல், நல்ல மரம். அதற்கு மேல் என்ன வேண்டும்?

மூன்றாவதாகப் பெருச்சாளி கட்டையன் வந்தான். வரும்போதே நாற்றமும் கூட வந்தது.

"நீங்க எந்த மரம்?"

"மரமா? ஊர்ச் சாக்கடை" என்றான் கட்டையன்.

கூட்டம் சிரித்தது. சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உடும்பார்தான் பெருந்தன்மையாகக் கையமர்த்தினார். சேறு வாரவும் ஓட்டை அடைக்கவும் ஒரு ஆள் வேண்டாமா, இவனும் இருக்கட்டும் என்றார். சரி என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவனைப் பாறைக்குக் கீழேதான் உட்கார வைத்தார்கள்.

மூக்காயி மூவரையும்தான் சந்தேகப்பட்டாள். ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு சாய்வு உண்டு. ஊரே ஏற்கெனவே முகம் சுளிக்கும் ஆள் மேல் அது சுலபமாகச் சாய்ந்துகொள்ளும். மூக்காயியின் மூக்கு கட்டையன் பக்கமே திரும்பி நின்றது.

வாரியம் போட்ட முதல் சட்டம், ஒரு வளைக்கு ஒரு வாசல். பின்வாசல் இருந்தால் காற்று வரும், பாம்பு வரும், திருடன் வருவான் என்று உடும்பார் விளக்கினார். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. கட்டையன் மட்டும் முனகினான். தான் இருந்த இடத்தில் எல்லாம் இரண்டு வாசல் உண்டு என்றான். சாக்கடை வழக்கம் ஆலமரத்தடிக்கு ஒத்து வராது என்று அவன் வாயை அடைத்துவிட்டார்கள். அவனும் பேசாமல் போய் மண்ணை வாரிப் பின்வாசல்களை அடைத்தான்.

வேலை மளமளவென்று நடந்தது. வளைகள் எல்லாம் நிரம்பின. நிரம்பிய பிறகும் வேலை நிற்கவில்லை, அதுதான் ஆச்சரியம். விடிந்ததும் குயில் உச்சிக் கிளையில் உட்கார்ந்து கூவுவான்.

"புளியமரத்தடி வளை காலி! நாவல்மரத்தடி வளை காலி!"

காத்திருந்தவர்களில் இரண்டு குடும்பம் குடிபோகும். மறுநாள் இன்னும் இரண்டு வளை காலியாகும். வேறு காடுகளில் வளைக்காகக் காத்திருந்தே கிழடு தட்டிப் போனவர்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை. வாரியம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று எல்லாரும் பாராட்டினார்கள். காலி செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று எப்போதாவது யாராவது கேட்பார்கள். பள்ளத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள் என்பார் உடும்பார். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று முயல் ஒத்து ஊதும்.

செவந்திக்கு ஆலமரத்தடி வளை கிடைத்தது. மேட்டிலேயே நல்ல வளை அதுதான். குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து, "இன்னும் மோந்துகிட்டே இருடி" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து, வானம் கறுத்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், குயில் கூவினான்.

"ஆலமரத்தடி வளை காலி!"

அடுத்த முறை மூக்காயியுடையது.

குட்டிகளைக் கவ்விக்கொண்டு உள்ளே போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பால் வாசனை இருந்தது. புல் மெத்தை அப்படியே விரித்தபடி கிடந்தது. மூலையில் செவந்தி சேர்த்து வைத்த புல்லரிசி குவியலாக இருந்தது. ஒரு மணி சிந்தினால் பொறுக்காத செவந்தியா இதை விட்டுவிட்டுப் போவாள்?

மூக்காயி சுற்றிலும் மோந்து பார்த்தாள். பின்சுவரில் புது ஓட்டை ஒன்று இருந்தது. ஓட்டை முழுக்க சாக்கடை வாடை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். நேரே உடும்பாரிடம் ஓடினாள். அவர் கண் கலங்கக் கேட்டுக்கொண்டார். கூடவே வந்து, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய், மேலிருந்து மண்ணைப் பறித்து, பெரிய கல் ஒன்றை உள்ளே உருட்டி அந்த ஓட்டையை அடைத்தார்.

"உள்ளயும் ஒரு தடவை வந்து பார்த்துடுங்கண்ணே" என்றாள் மூக்காயி.

"கூடாது தங்கச்சி. குடியிருக்கறவங்க வளைக்குள்ள தலைவர் கால் வைக்கறது முறையில்ல. இந்த வளைக்குள்ள நான் ஒரு நாளும் வந்தது கிடையாது."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் மூக்காயி. நினைத்த பிறகு, ஏதோ ஒன்று இடறியது. எது என்று பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது. கட்டையனை நடுவில் நிறுத்தினார்கள். ஓட்டை போட்டது நான்தான் என்று அவன் உடனே ஒத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டார்கள். ஒரே வாசல் உள்ள வளையைப் பார்த்தால் தனக்குக் கை சும்மா இருக்காது என்றான். பகலில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் தலைவர் எங்கே போகிறார், அதை முதலில் விசாரியுங்கள் என்றும் சொன்னான்.

ஆலமரத்துக்காரர் மேல் சாக்கடைக்காரன் பழி போடுகிறான் என்று கூட்டம் கொதித்தது. அவனுடைய பூர்வீகத்துக்கு வேறு எப்படிப் பேசுவான் என்றது முயல். வாரியத்திலிருந்து அவனை நீக்கியாயிற்று.

போகும்போது கட்டையன் மூக்காயிக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான்.

"கல்லை ரொம்ப இறுக்கி வைக்காதே தாயி."

மூக்காயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பந்தாகச் சுருண்டாள். அவன் போன பிறகுதான் விரிந்தாள். ஆனால் அந்த வார்த்தை முள்ளுக்குள் மாட்டிக்கொண்டது. பயமுறுத்துகிறானா? அல்லது வேறு ஏதாவது சொல்கிறானா?

விடிந்ததும் குயிலைத் தேடிப் போனாள். அவன் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"குயிலு, தினமும் காலி காலின்னு கூவறியே. அது எப்படிக் காலியாச்சுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"எனக்கு எதுக்கு அது? தலைவர் சொல்றார், நான் கூவறேன். வளைக்குள்ள நான் எட்டிப் பார்த்ததே இல்ல."

"காலின்னா ரெண்டு அர்த்தம் இருக்கு. வளை காலின்னும் சொல்றாங்க, ஆள் காலின்னும் சொல்றாங்க. நீ எதைக் கூவறே?"

"எந்த அர்த்தமா இருந்தா என்ன? ராகம் ஒண்ணுதான். நாளைக்கு என்ன கூவணும்னு இன்னிக்கே சொல்லிடுவார். நானும் முன்கூட்டியே பாடிப் பார்த்து வச்சுப்பேன்."

"நாளைக்கு என்ன?"

"ஆலமரத்தடி வளை" என்று ஆரம்பித்த குயில், எதிரே நிற்பது யார் என்பதை அப்போதுதான் கவனித்தான். மிச்சத்தை விழுங்கினான். பிறகு வேறு கிளைக்குப் பறந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மூக்காயி வளைக்கு ஓடினாள். செவந்தியின் புல் மெத்தையைக் கலைத்து அடிவரைக்கும் மோந்தாள். பால் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை. நேற்று கல்லை உருட்டிய அதே நகத்தின் வாடை. சாக்கடை நெடியில் அது நேற்று மறைந்திருந்தது. அப்போதுதான், இடறியது எது என்றும் பிடிபட்டது. பாறை மேல் நின்று, நான் போகாத வளையே கிடையாது என்றவர், இந்த வளைக்குள் வந்ததே இல்லை என்கிறார்.

பொழுது ஏறிக்கொண்டிருந்தது. மூக்காயி பின்சுவரில் மண்ணைப் பறித்துக் கல்லைச் சுற்றி வழி பண்ணினாள். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு அந்த ஓட்டை வழியாகப் போனாள். அது நேரே கட்டையன் வளையில் போய் முடிந்தது. அவன் ஒரு கிழங்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆலமரத்தடி அம்மா சாக்கடைக்காரன் வீட்டுக்கு வந்திருக்காங்க" என்றான்.

"என் வளைக்கு எதுக்கு வழி போட்டே?"

"உனக்காகன்னு நினைச்சியா? அந்த ஆள் என் வளைக்குள்ள நுழைஞ்சா நான் ஓடறதுக்கு. எனக்கும் உயிர் இருக்கில்ல."

பிறகு கிழங்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"செவந்தி இருக்கும்போதே ஆரம்பிச்சேன். கொஞ்சம் மண்ணுதான் பாக்கி. பகல்ல அசந்து தூங்கிட்டேன். எழுந்து மிச்சத்தையும் தோண்டி எட்டிப் பார்த்தேன். காலி."

மூக்காயி குட்டிகளை அவன் வளை மூலையில் படுக்க வைத்துவிட்டு, குயில் விழுங்கிய வரியைச் சொன்னாள். குட்டிகள் சிணுங்கின.

உச்சிவெயிலில், மேட்டில் எல்லாரும் தூங்கும் நேரம், உடும்பார் வந்தார். ஆலமரத்தடி வளையின் வாசலில் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார். மெல்ல உள்ளே போனார். தலை போயிற்று, உடம்பு போயிற்று, கடைசியாக வால் நுனியும் போயிற்று. கட்டையன் தன் பக்கத்து வழியைக் கல்லும் மண்ணுமாக அடைத்தான். வேருக்குப் பின்னால் ஒளிந்திருந்த மூக்காயி ஓடிப்போய் வாசலிலேயே பந்தாகச் சுருண்டாள். குறுகலான வாசல் முழுவதும் முள்.

உள்ளே ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்த உடும்பாரின் மூக்கில் முள் குத்தியது.

"தங்கச்சி, வழியை விடு."

"ஒரு வளைக்கு ஒரு வாசல்தானே அண்ணே. அந்த வாசல்ல நான் இருக்கேன்."

உள்ளே அவர் சீறினார், வாலால் சுவரை அடித்தார். சத்தம் கேட்டு மேட்டில் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். என்ன, என்ன என்றார்கள். சும்மா பார்வையிட வந்தேன் என்று உள்ளிருந்து குரல் வந்தது. குடியிருப்பவர் வளைக்குள் தலைவர் கால் வைப்பது முறையில்லை என்று நேற்றுத்தானே சொன்னார் என்றாள் மூக்காயி. பிறகு, சுருண்டபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"நீங்க எந்த மரம்னு நான் கேக்கலை அண்ணே. செவந்தி எங்கே?"

உள்ளே வாலால் அடிப்பது நின்றது.

முயல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அதன் அக்கா புளியமரத்தடி வளையில் இருந்தவள். நன்றி கெட்டவள், சொல்லாமல் போய்விட்டாள் என்று தன் வாயாலேயே திட்டியிருந்தது. இப்போது வாசலில் குனிந்து, "எங்க அக்கா எங்கே?" என்று கேட்டது. நாவல்மரத்தடியில் இருந்த தன் தம்பி எங்கே என்று கேட்டது ஒரு எலி. அப்புறம் ஆளுக்கொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பெயர்கள் சொல்லி முடிய நேரமாயிற்று. வளைக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

அன்று மாலை அடைமழை பிடித்தது. மூக்காயியின் குட்டிகள் கட்டையன் வளையில் ஒரு சொட்டு நனையாமல் தூங்கின. எலிகளும் முயல்களும் முறை போட்டுக்கொண்டு வாசலில் மண்ணைக் குவித்தபடி காவல் இருந்தன. யார் போய் என்ன சொன்னார்களோ தெரியாது, மறுநாள் காலை குயில் மழையில் நனைந்துகொண்டே, யாரும் கேட்டிராத ஒரு வரியைக் கூவினான்.

"ஆலமரத்தடி வளை காலி இல்லை!"

மழை விட்ட பிறகு மண்ணை விலக்கிப் பார்த்தார்கள். ஆலமரத்து வேர் ஒன்றை ஒட்டி உடும்பார் பக்கவாட்டில் குடைந்து வெளியேறியிருந்தார். பூர்வீகம் அதுதானே, வேரெல்லாம் தெரிந்தவர்.

மேட்டில் இப்போது ஒவ்வொரு வளைக்கும் இரண்டு வாசல். கட்டையனை மறுபடியும் வாரியத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பாறை மேல் உட்காரச் சொன்னார்கள். மேலே ஒரே வெயில், கீழேயே இருக்கிறேன் என்றுவிட்டான். குயில் இன்னமும் கூவுகிறான். ஆனால் ஒரு வளை காலி என்று கூவினால், காலி செய்தவர் நேரில் வந்து நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டும். மூக்காயி அதே வளையில்தான் இருக்கிறாள். பின்வாசல் பக்கமாக மூக்கை வைத்துத்தான் தூங்குகிறாள். அந்த வழி கட்டையன் வீட்டில் முடிகிறது என்பதை அவள் மறக்கவில்லை.

இரண்டு மலை தள்ளி வேறொரு காடு. அங்கேயும் வெள்ளம் வந்து, வளைகள் போய், ஒரு வாரியம் வைக்கக் கூடியிருந்தார்கள். பாறை மேல் ஒருவர் ஏறி நின்றார். மூக்கில் மட்டும் சின்னச் சின்ன வடு.

"நமக்குப் பூர்வீகம் பெரிய ஆலமரம்" என்று ஆரம்பித்தார். "மேட்டு வளை வாரியத்துக்குத் தலைவரா இருந்தவன். எத்தனையோ வளைகளைக் காலி பண்ணி, இல்லாதவங்களுக்குக் கொடுத்திருக்கேன்."

கூட்டம் தலையாட்டியது.

ஆகவே, வீடு கொடுக்க வருகிறவரிடம் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு நின்றுவிடாமல், நீங்கள் வந்து போன வீடுகளில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்டுவிட்டே உள்ளே கால் வைக்க வேண்டும்.